இலைக்கு யாரும் சொல்லவில்லை

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் சீட்டுக்கு அடியில தள்ளிக்கிறீங்களா? இடைஞ்சல் எல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள இருக்கிறது பேப்பர் தட்டுதானே? வீட்ல பிறந்தநாளா? நல்லது, நல்லது. குழந்தை நல்லா இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க, அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது. கொஞ்ச நாளா இப்படித்தான். டீக்கடையில வடையை அதுல வச்சுக் கொடுத்தாக்கூட, வேணாம்னு கையில வாங்கிக்கிறேன்.

பெரியகுளம் வரைக்குமா? நானும் அங்கதான். அப்பச் சொல்லலாம். வத்தலக்குண்டுல இறங்குற ஆளுன்னா பாதிக் கதையோட எந்திரிச்சுப் போயிருவீங்க, பெறகு நீங்களும் என்னையத்தான் குத்தம் சொல்வீங்க.

திண்டுக்கல்லுல இலைக்கடை நாகமணின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? வாழை இலை வியாபாரம். எங்க அக்கா பஞ்சவர்ணத்தோட வீட்டுக்காரர். எனக்கு மச்சான். தவறிட்டாரு. அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் வச்சோம். அன்னைக்கு வந்த சனத்துக்கு எதுல சோறு போட்டோம் தெரியுமா? பேப்பர் தட்டுல. இலைக்கடைக்காரர் காரியத்துல இலை இல்ல தம்பி! திண்டுக்கல்லே சிரிக்குது. அதுக்குப் பூராம் காரணம் இந்த ரத்தினவேலுதானாம். எங்க அக்கா என்கூடப் பேசறதை விட்டுட்டா. இன்னைக்கும் அவளைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு?

மொதல்ல மச்சானைப் பத்திச் சொல்லணும். சோழவந்தான் பக்கத்துல இருந்து சைக்கிள்ல இலைக்கட்டு வச்சு மிதிச்சு வந்து வித்த ஆளு. சைக்கிள் போயி கடை வந்துச்சு, கடைக்குப் பெறகு வேன் வந்துச்சு, திண்டுக்கல்லுல பாதி மண்டபத்துக்கு அவரு இலைதான். ஆனா ஆளு மட்டும் அப்படியே இருந்தாரு. கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி, ஈரச்சாக்கைப் பிரிச்சு, தண்ணி தெளிச்சு, இலையைப் பிரிச்சு அடுக்குனாருன்னா, நிமிர மாட்டாரு. கை நகம் பூராம் கறுப்பு. சட்டை பூராம் வாழைக்கறை. அது போகாது தம்பி, என்ன சோப்புப் போட்டாலும் போகாது. நல்லா இருக்கிற மனுஷன், நாலு இடத்துக்குப் போற மனுஷன், நல்ல சட்டை ஒண்ணு போட வேணாமா? எனக்கே கூச்சமா இருக்கும்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது. கடை, கடையை விட்டா வீடு. மதியம் எவ்வளவு வேலை இருந்தாலும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாரு. அதுவும் எதுல? விக்க முடியாத கிழிஞ்ச இலையில. ரெண்டு கிழிசலை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, ரசம் ஓடிராம விரலால அணை கட்டிக்கிட்டே சாப்பிடுவாரு. எங்க அக்கா கத்துவா, "ஒரு நாளாச்சும் முழு இலையில சாப்பிடுங்களேன், பார்க்கறதுக்கே பாவமா இருக்கு"ன்னு. "முழு இலை விக்கிறதுக்கு"ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுக்கிட்டே மகன் கோபிநாத்தைப் பக்கத்துல உட்கார வச்சு, "இன்னைக்கு என்ன பாடம்?"னு கேட்பாரு. அவன் சொல்றது இவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனா முழுசும் கேட்பாரு. அந்தப் பய இப்ப பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்.

எனக்கு அவரு மேல வருத்தம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். செத்துப்போனவரைப் பத்திக் குறை சொல்லக் கூடாதும்பாங்க, ஆனா மனசுல இருக்கிறதைச் சொல்லாம எங்க கொண்டு போயி வைக்கிறது? நானும் அவரு கடையில கொஞ்ச காலம் நின்னேன். எனக்கு விடியக்காலம் எந்திரிக்கிறது ஒத்துவராது, சளி பிடிச்சுக்கும். அதனால கல்லாவைப் பார்க்கிறேன் மச்சான்னு சொன்னேன். "மொதல்ல இலையைப் பாரு மாப்ள"ன்னாரு. தாலி கட்டுன பொண்டாட்டியோட தம்பிகிட்டப் பேசற பேச்சா இது? வெளியேறி வந்துட்டேன்.

பெறகு பெரியகுளத்துல ஃபேன்சி ஸ்டோர் வச்சேன், அது ஓடல. செல்போன் ரீசார்ஜ் கடை, அதுவும் ஓடல. காலம் அப்படி. ஒவ்வொரு தடவையும் அட்வான்ஸ் கொடுத்தது அவருதான், அதை நான் மறைக்கல. ஆனா ஒரு தடவையாச்சும் உட்கார வச்சு, "ஏன்டா இப்படிப் பண்றே?"ன்னு திட்டியிருந்தா நான் திருந்தியிருக்க மாட்டேனா? திட்டவே மாட்டாரு. அது ஒரு வகை அலட்சியம்தானே?

நடுவுல நான் பேப்பர் தட்டு ஏஜென்சி எடுத்தேன். ஆமா தம்பி, சிரிக்காதீங்க. அப்பத்தான் அது புதுசா வந்து எல்லாரும் வாங்குறாங்க. மச்சான்கிட்டப் போயி, "உங்க கடையிலயே ஓரமா வச்சு விக்கலாம், காலம் மாறுது"ன்னு நல்லதுதான் சொன்னேன். என்னையப் பார்த்தாரு. கோவம் இல்ல. "எங்கடையில வேணாம் மாப்ள. வைக்க இடம் இல்லைன்னா நம்ம வீட்டு மாடியில போட்டுக்க"ன்னாரு. போட்டேன். ஏஜென்சி படுத்துருச்சு. சரக்கு அங்கேயே கிடந்துச்சு. இலைக்கடைக்காரர் வீட்டு மாடியில வருஷக்கணக்கா பேப்பர் தட்டு. எடுத்துட்டுப் போடான்னு அவரும் சொல்லல, நானும் எடுக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். திடீர்னுதான் போயிட்டாரு. கடையில இலையை எண்ணிக்கிட்டு இருந்தவரு அப்படியே சாக்கு மேல சாய்ஞ்சுட்டாரு. கோபி பெங்களூர்ல இருந்து வந்தான், ஆனா அவனுக்கு முறை எல்லாம் என்ன தெரியும்? அக்கா ஒரு மூலையில உட்கார்ந்தவ உட்கார்ந்தவதான். அப்ப எல்லாத்தையும் எடுத்துக் கட்டுனது யாரு? நான். பந்தல்காரனுக்குச் சொன்னது நான். சமையலுக்கு நம்ம அழகரைப் பிடிச்சது நான். அழகர் மச்சானோட ரொம்ப காலப் பழக்கம், கூப்பிட்டதும் ஓடி வந்துட்டாரு.

கடையில வேலை பார்த்த ஆளு வந்து, "அண்ணே, ரெண்டு மூணு நாள்ல கடையைத் திறந்துரலாமா? தோட்டத்துக்காரங்க கேக்குறாங்க"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! மனுஷன் போயி சூடு ஆறல, அதுக்குள்ள வியாபாரமா? பதினாறு முடியற வரைக்கும் ஷட்டர் மேல கை வைக்கக் கூடாதுன்னுட்டேன். சாவியைப் பிடுங்கி என் இடுப்புல செருகிக்கிட்டேன். தோட்டத்துல இருந்தும் போன் போட்டாங்க, இலை அனுப்பவான்னு. ஒரு இலை வரக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லிட்டேன். இது மரியாதையா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இப்பக் காரியத்தன்னைக்கு வாங்க. காலையில நான் வெள்ளை வேட்டி கட்டி வாசல்ல நிக்கிறேன். தாய்மாமன் இல்லையா, வர்றவங்களைக் கும்பிட்டு உள்ள அனுப்பணும். அப்ப ஒரு லோடு ஆட்டோ வந்து நின்னுச்சு. பின்னாடி பூராம் இலைக்கட்டு. ஓட்டிட்டு வந்தவன் இறங்கி, "எங்கண்ணே இறக்கட்டும்? பாய் கொடுத்து விட்டாரு"ங்கிறான்.

"எந்தப் பாய்?"

"கமால் பாய்ண்ணே."

கமால் பாய் யாருன்னா, அவரும் இலைக்கடைதான். மச்சானுக்கும் அவருக்கும் ஒரு மண்டபத்து ஆர்டர்ல தகராறு ஆகி, வருஷக்கணக்காப் பேச்சுவார்த்தை இல்ல. எதிரெதிர்ல கடை, ஆனா மூஞ்சியைப் பார்த்துக்க மாட்டாங்க. அந்த ஆளு இலை அனுப்புறாருன்னா என்ன அர்த்தம்? நாங்க இலைக்கு வக்கில்லாமப் போயிட்டோம்னு ஊருக்குக் காட்டத்தானே?

"ஏம்ப்பா, இது யாரு வீடுன்னு தெரிஞ்சுதான் வந்தியா? இலைக்கடை நாகமணி வீடு. இந்த வீட்டுக்கு வெளியில இருந்து இலை வரணுமா? திருப்பிட்டுப் போ"ன்னேன்.

அவன் நகரல. "இறக்கிட்டுத்தான் வரணும்னு பாய் சொன்னாருண்ணே"ங்கிறான்.

"இறக்குனா எடுத்து ரோட்டுல வீசுவேன்"னு ரெண்டு கையையும் விரிச்சு வாசலை மறிச்சு நின்னேன். நாலு பேரு பார்த்தாங்க. பார்க்கட்டுமே! மச்சான் மானத்தைக் காப்பாத்த ஒருத்தன் இருக்கான்னு தெரியட்டும். ஆட்டோ திரும்பிப் போயிருச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த துக்கத்துலயும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துச்சு.

மத்தியானம் ஆச்சு. அழகர் எல்லாம் இறக்கி வச்சுட்டாரு. சாம்பார் வாசனை தெருவுக்கே வருது. பஸ்ஸைப் பிடிக்கணும்னு சிலபேரு அவசரப்பட்டதால மொதப் பந்தியை உட்கார வச்சாச்சு, தண்ணி டம்ளரும் வச்சாச்சு. உள்ள இருந்து அக்கா, "படையலுக்கு இலை கொண்டாடா ரத்தினம்"ன்னா. அந்தப் பக்கம் அழகர், "இலையைப் போடச் சொல்லுங்கண்ணே"ங்கிறாரு. நானும், "ஏய், இலையை எடுங்கப்பா"ன்னு ஒரு சத்தம் போட்டேன்.

ஒருத்தனும் அசையல. நான் அவனைப் பார்க்கிறேன், அவன் இவனைப் பார்க்கிறான். கோபி வந்து, "மாமா, இலைக்குச் சொல்லலையா?"ங்கிறான்.

இலைக்குச் சொல்றதா? யாருகிட்ட? தம்பி, நான் உங்களைக் கேக்குறேன், அந்த வீட்டுல என்னைக்காவது இலைக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? என் கல்யாணத்துக்கு யாரு சொன்னா? எங்க அப்பா செத்தப்ப யாரு சொன்னா? நான் வீடு கட்டிப் பால் காய்ச்சுனப்ப, பத்தே பேருக்குத்தான் சாப்பாடு, அதுக்கு யாரு சொன்னா? விடிஞ்சு பார்த்தா ஈரச்சாக்குல சுத்தி இலை வந்து கிடக்கும். துடைச்சு, அளவு பார்த்து, பந்தி பந்தியா அடுக்கி வந்து கிடக்கும். என் கல்யாண ஆல்பத்துல மச்சான் ஒரு போட்டோவுல இல்ல, தெரியுமா? சாப்பாட்டு ஹால்ல இலை போட்டுக்கிட்டு நின்னிருக்காரு. மேடைக்கு வரலைன்னு எனக்கு இன்னைக்கும் கோவம். மளிகைக்கு லிஸ்ட் போடுவோம், காய்கறிக்கு லிஸ்ட் போடுவோம், பூவுக்குச் சொல்லணும்னு ஞாபகம் வரும். இலைன்னு ஒண்ணு சொல்லி வாங்கணும்கிறதே எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாது தம்பி. எனக்கு மட்டுமா தெரியாது? கோபிக்குத் தெரியுமா? எங்க அக்காவுக்கே தோணலையே?

கோபிதான் மாடிக்கு ஓடுனான். என் பழைய தட்டுக் கட்டை எல்லாம் தூசி தட்டித் தூக்கிட்டு வந்தான். பல்லி எச்சம், சிலந்தி வலை, எல்லாத்தையும் வேட்டித் துணியால துடைச்சுத் துடைச்சுப் போட்டாங்க. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, அன்னைக்குப் பந்தியைக் காப்பாத்துனது யாரு சரக்கு? அதை ஒரு ஆளு வாயைத் திறந்து சொன்னானா? சொல்ல மாட்டாங்க.

ஆனா படையலைத் தட்டுல போட முடியுமா? மச்சான் படத்துக்கு முன்னாடி பேப்பர் தட்டை வைக்க முடியுமா? படையல் ஆகாம பந்தியில ஒருத்தரும் சோத்துல கை வைக்க மாட்டாங்க. அத்தனை சனமும் தட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வேற வழியில்லாம வண்டியை எடுத்தேன். மச்சான் கடை பூட்டிக் கிடக்கு, சாவி என் இடுப்புலதான் இருக்கு, திறந்தா மட்டும் உள்ள என்ன இருக்கும்? காஞ்ச சாக்குதான் இருக்கும். நேரா எதிர்க்கடைக்குத்தான் போனேன்.

கமால் பாய் சேர்ல உட்கார்ந்திருந்தாரு. என்னையப் பார்த்ததும் எந்திரிச்சாரு.

"பாய், ஒரு இலை வேணும்."

"ஒரு இலையா?"

"படையலுக்கு."

அவரு ஈரச்சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாரு. "காலையில அனுப்புனது திரும்பி வந்துச்சு. வச்சிருந்தா வாடிரும்னு ஹோட்டலுக்கு அனுப்பிட்டேன் தம்பி. நிறைய இல்ல"ன்னாரு. அடியில கிடந்ததுல ஒரு தலைவாழையை உருவி, தோள்ல கிடந்த துண்டால துடைச்சாரு. துடைச்சுக்கிட்டே பேசுறாரு.

"எனக்கும் நாகமணி அண்ணனுக்கும் பேச்சு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். எங்கம்மா மவுத்தாகி நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிச் சாப்பாடு போட்டோம். அன்னைக்குக் காலையில கதவைத் திறக்கிறேன், வாசல்ல இலை கிடக்கு. எங்கடையில இல்லாத இலையா? ஆனா அவரு அனுப்பியிருந்தாரு. எங்க இலைக்கடைக்காரங்களுக்குள்ள இது ஒரு வழக்கம். அவரு ஆரம்பிச்சு வச்சது. துக்க வீட்டு ஆளு இலை கேட்டுக் கடை வாசல்ல வந்து நிக்கக் கூடாதும்பாரு. நீங்க வந்து நிக்கிறீங்களே தம்பி..."

எனக்கு என்ன வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? கோவம்தான் வந்துச்சு. இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பொண்டாட்டிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு, செஞ்சுட்டுச் செஞ்சுட்டுப் போயிட்டா, பின்னாடி நிக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஊமையா இருந்துட்டு என்னைய இப்படி மாட்டி விட்டுட்டாரேன்னுதான் தோணுச்சு. இலையை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அக்கா அதைப் படத்துக்கு முன்னாடி விரிச்சா. நுனி இடது கைப்பக்கம் வர்ற மாதிரி விரிச்சு, தண்ணி தெளிச்சுத் தடவுனா. முழு இலை. ஒரு கீறல் இல்ல. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தவ, "இப்பச் சாப்பிடுங்க"ன்னு சொல்லி அழுதா பாருங்க, அதுவரைக்கும் அவ அப்படி அழல. பதினாறு நாளாக் கல்லு மாதிரி இருந்தவ. நானும் பக்கத்துல போயி, "அழாதக்கா, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்"னேன்.

தலையைத் தூக்கி என்னையப் பார்த்தா. "நீ அந்த வாசல்ல நிக்காம இருந்திருந்தாலே போதும்டா"ன்னா.

அத்தனை பேரு முன்னாடி! தாய்மாமன் வாசல்ல நிக்காம வேற எங்க நிக்கிறது? அதுதான் அவ கடைசியா என்கூடப் பேசுன பேச்சு. நான் அன்னைக்குச் சாப்பிடாமத்தான் பஸ் ஏறுனேன். யாரும் தேடல.

இன்னைக்குப் போனது எதுக்குன்னா, என் மக சுமதிக்கு வர்ற தை மாசம் கல்யாணம். மச்சான் இருக்கறப்பவே பேசி முடிச்சது, தேதியும் அவரு பார்த்ததுதான். ஒரு துக்கம் நடந்திருக்கு, நடத்தலாமா, தள்ளி வைக்கலாமான்னு அக்காவை ஒரு வார்த்தை கேக்கணும்ல. போயி உட்கார்ந்தேன். டீ கொண்டாந்து வச்சா. பேசல. நானாத்தான் பேசுனேன், பேசுனேன், பேசிக்கிட்டே இருந்தேன். கடைசியில சுவத்தைப் பார்த்துக்கிட்டு, "அவரு பார்த்த தேதி. நடத்து"ன்னா. அவ்வளவுதான். என்கிட்டச் சொன்னாளா, சுவத்துக்கிட்டச் சொன்னாளான்னு தெரியல. நடத்துன்னு சொல்லிட்டா சரியாப் போச்சா? பொண்ணைப் பெத்தவன் எப்படித் தனியா நடத்துவான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா? எந்திரிச்சு வந்துட்டேன்.

பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், இந்த பஸ்ஸுக்குத்தான். அழகர்கிட்ட இருந்து போன். கல்யாணத்துக்கும் அவருதான் சமையல். அரிசி எவ்வளவு, பாயாசம் என்ன, மாப்பிள்ளை வீட்டுல எத்தனை பேரு வர்றாங்க, எல்லாம் கேட்டாரு. நானும் டாண் டாண்னு சொன்னேன். கடைசியா, "இலைக்கு யாருகிட்டண்ணே சொல்லியிருக்கீங்க?"ன்னாரு.

"இலைக்கு என்ன அழகரு, அதான் மச்சான் இருக்காருல்ல"ன்னு சொல்லிட்டேன் தம்பி.

யோசிச்சுச் சொல்லல. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. அந்தப் பக்கம் அழகர், "சரிண்ணே"ன்னாரு. போனை வச்சுட்டாரு.

மச்சான் செத்துட்டாருன்னு எனக்கு அப்பத்தான் தம்பி தெரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாண்டுல, காதுல போனை வச்சுக்கிட்டு நின்ன இடத்துல.